சும்மா இருத்தலின் வரலாறு

தமிழில் ‘சும்மா’ என்றொரு சொல் உண்டு. தொழிலின்றி இருத்தல், பேசாதிருத்தல், விலையின்றிப் பெறுதல், காரணமின்றிச் செய்தல் எனப் பல பொருளில் அதனை நாம் வழங்குகிறோம். வந்த காரணம் யாது என்று விருந்தினரை வினவினால், ‘சும்மாதான் வந்தேன்’ என்று விடை வருகிறது. வேலைக்குச் செல்லாத இளைஞனைச் ‘சும்மா திரிகிறான்’ என்று ஊரார் பழிக்கின்றனர். ஆயின் இதே சொல்லை அருணகிரிநாதரும் தாயுமானவரும் எடுத்து, ஆன்மா அடையத்தக்க மிக உயர்ந்த நிலைக்குப் பெயராக வைத்தனர். தெருவிலே பழிச்சொல்லாக நிற்பது கோயிலிலே பெரும்பேறாக நிற்கிறது.

இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று முரண்பட்டவையா, அன்றி உறவுடையவையா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். மனிதன் சும்மா இருக்கும்போது அவனுடைய மூளை என்ன செய்கிறது? பாட்டும் கணிதமும் ஞானமும் ஓய்வினின்று பிறக்கின்றன என்று முன்னோர் கருதியதில் உண்மை எவ்வளவு? கடந்த நூறு ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் இதற்குக் கூறிய விடை யாது? இவற்றை வரலாற்று முறையிற் காண்போம். முதலில் நமது கடற்கரையிலிருந்தே தொடங்குவோம்.

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே புதுச்சேரியை நோக்கி வருவோர்க்கு, கடலுக்குச் சற்று மேற்கே செம்மண் நிலத்தில் இரும்பை என்னும் சிற்றூர் உண்டு. தேவாரத்தில் இதன் பெயர் இரும்பை மாகாளம். திருஞானசம்பந்தர் இதனைப் பாடியுள்ளார். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் இஃதும் ஒன்று. இறைவன் மாகாளேசுவரர்; இறைவி குயில்மொழி நாயகி. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம் இவ்வூரை அடுத்தே உள்ளது.

இக்கோயிலோடு பிணைந்தவர் கடுவெளிச் சித்தர். அவரைப்பற்றித் தல வரலாறு கூறுவது பின்வருமாறு: சித்தர் ஓர் அரச மரத்தடியில் நெடுங்காலம் மோனத்தில் அமர்ந்திருந்தார். அவ்வமயம் நாட்டில் மழை பொய்த்தது. அவரது தவத்தின் வெம்மையே பஞ்சத்திற்குக் காரணம் என்று சிலர் எண்ணினர். தவத்தைக் கலைக்க அரசன் வள்ளி என்னும் ஆடல் மகளை அனுப்பினான். மரத்திலிருந்து உதிரும் இலையை மட்டும் கை நீட்டி வாங்கி உண்டு வந்த சித்தரின் கையில், அவள் இலைக்குப் பதிலாக அப்பளத்தை இட்டாள். நாவிற்குச் சுவை தெரிந்தது, சித்தர் மெல்ல உலகிற்குத் திரும்பினார், மழையும் பெய்தது. பின்னர்க் கோயில் விழாவில் வள்ளி ஆடியபோது அவள் காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைப்படலாகாதென்று சித்தர் அதனை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் நகைத்தது. சினங்கொண்ட சித்தர் இறைவனை விளித்து ஒரு பாட்டுப் பாட, சிவலிங்கம் வெடித்துச் சிதறியது. அரசன் பிழை பொறுக்க வேண்டவே, அவர் மீண்டும் பாடினார். சிதறியது ஒன்று சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்த இலிங்கத்தையே செப்புத் தகட்டால் பிணைத்துள்ளனர் என்பர்.

இக்கதையைக் கல்வெட்டுச் சான்றுபோல நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் மக்கள் ஒரு கதையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வைத்திருப்பார்களாயின், அவர்கள் அறிந்த ஓர் உண்மை அதனுள் இருக்கும். இக்கதையுள் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவது, நெடுநாள் வாய் திறவாதிருந்தவரிடமிருந்து வந்த பாட்டிற்குக் கல்லைப் பிளக்கும் ஆற்றல் இருந்தது என்பது. இரண்டாவது, அவ்வளவு நெடிய மோனமும் ஒரு கூட்டத்தின் நகைப்பொலிக்கு முன்னே சினமாக மாறிற்று என்பது. சித்தரின் பெயரும் நோக்கத்தக்கது. கடுவெளி என்பது பொருள் ஏதுமற்ற பெரிய வெட்டவெளி. வெறுமையைத் தம் பெயராகக் கொண்டவரே இன்றளவும் மக்கள் பாடும் பாடல்களைத் தந்தவராகப் போற்றப்படுகிறார். வெறுமையினின்று பாட்டு எவ்வாறு வந்தது? இவ்வினாவோடு இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம்.

இரும்பையிலிருந்து சிறு தொலைவில் உள்ள புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்தார். அக்காலத்தே அவர் இயற்றிய குயிற்பாட்டு, ஊருக்கு மேற்கே உள்ள ஒரு சோலையில் நிகழ்வதாகத் தொடங்குகிறது. குயில் பேசுகிறது, காதல் கொள்கிறது, குரங்கும் மாடும் காதலராக வருகின்றன, முற்பிறப்புக் கதை ஒன்று விரிகிறது. இறுதியில் கண் விழித்து நோக்கினால், சுற்றிலும் பழைய சுவடியும் எழுதுகோலும் பாயுமே இருக்கின்றன; கண்டதனைத்தும் மாலைப் பொழுதின் மயக்கத்தில் எழுந்த கற்பனை என்று கவிஞரே கூறிவிடுகிறார். மனத்தைக் கட்டவிழ்த்து அதன் போக்கில் திரிய விட்டதனால் விளைந்த காவியம் என்று அதனைக் கூறலாம்.

அதே ஊருக்கு 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் வந்து சேர்ந்தவர் ஸ்ரீ அரவிந்தர். அவருடைய அனுபவம் முற்றும் வேறு வகையானது. 1908-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் யோகியின் வழிகாட்டுதலில் அவர் அமர்ந்தார். எழுகின்ற எண்ணங்களை உள்ளே நுழையவிடாமல் விலக்குக என்பதே அவருக்குக் கிடைத்த பயிற்சி. மூன்று நாளில் மனம் முழுவதும் அடங்கிவிட்டது என்று அவரே பின்னாளில் எழுதினார். அடுத்துப் பம்பாயில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. மனத்தில் ஓர் எண்ணமும் இல்லையே, யாது பேசுவது என்று வினவியபோது, அவையோரை வணங்கி நின்று காத்திருக்கும்படி லேலே கூறினார். அவ்வாறே நின்றார், பேச்சு வந்தது. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1921-ஆம் ஆண்டு ஜனவரி வரை திங்கள்தோறும் 64 பக்கங்கள் கொண்ட ‘ஆர்யா’ இதழை வெளியிட்டபோதும், தம் எழுத்து அடங்கிய மனத்தினின்றே வந்தது என்பது அவர் கூற்று.

ஆக, ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஓய்வின் இருவகையைக் காண்கிறோம். ஒன்று மனம் அலைவது. மற்றொன்று மனம் அடங்குவது. கவிஞரின் சும்மா முன்னது. யோகியின் சும்மா பின்னது. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, இனி ஆய்வுக்கூடத்திற்குச் செல்வோம். ஏனெனில் அறிவியலாரும் முதலில் இவ்விரண்டையும் ஒன்றாகவே மயங்கினர்.

ஜெர்மானிய நாட்டில் யேனா என்னும் பல்கலைக்கழக நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநோய் மருத்துவர் இருந்தார். 1924-ஆம் ஆண்டில் மனிதத் தலையின் மேற்பரப்பிலிருந்து மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தவர் அவரே. ஐந்தாண்டுகள் தயங்கி, 1929-இல் அதனை வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழுந்து அடங்கும் சீரான அலை தோன்றியது. கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போடச் சொன்னாலோ அவ்வலை மறைந்தது. வேலையின்போது தோன்றி ஓய்வில் மறையும் என்று எதிர்பார்க்கத்தக்க ஒன்று, ஓய்வில் தோன்றி வேலையில் மறைந்தது! மூளை ஒருபோதும் வாளா இருப்பதில்லை என்று பெர்கர் கருதினார். எனினும் அக்கருத்தைப் பின்வந்தோர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வியப்பு அமெரிக்காவில் நிகழ்ந்தது. மூளைக்குச் செல்லும் குருதியின் அளவையும் அது செலவிடும் ஆக்சிஜனின் அளவையும் அளக்கும் முறையை 1940-களில் சீமோர் கெட்டி என்பவரும் அவருடைய துணைவரும் வகுத்தனர். உடலின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆனால் உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் ஆக்சிஜனில் நூற்றுக்கு இருபது பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. 1955-இல் லூயி சோகொலாஃப் என்பவரும் குழுவினரும், சும்மா படுத்திருக்கும்போதும் கடினமான மனக்கணக்குப் போடும்போதும் ஒருவரது மூளை செலவிடும் ஆக்சிஜனை ஒப்பிட்டனர். இரண்டிற்கும் வேறுபாடு காணவில்லை. கணக்குப் போடும் மாணவனின் மூளையும் கண்மூடிப் படுத்திருக்கும் மாணவனின் மூளையும் ஏறக்குறைய ஒரே அளவு உணவை உண்கின்றன என்றால், படுத்திருப்பவனின் மூளை எந்த வேலைக்காக அவ்வளவு செலவு செய்கிறது?

விடை கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. உயிருள்ள மூளையின் எப்பகுதி எப்போது தொழிற்படுகிறது என்பதைப் படமாகக் காட்டும் கருவிகள் அதற்குள் வந்துவிட்டன. 1995-இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்த பரத் பிஸ்வால் என்பவர், யாதொரு வேலையும் செய்யாமல் கிடப்பவரின் மூளையில், கையசைவை ஆளும் இடப்பகுதியும் வலப்பகுதியும் ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்குவதைக் கண்டார். அதுவரை கருவியின் இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டதில் ஓர் ஒழுங்கு இருந்தது. 1997-இல் செயிண்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கார்டன் ஷுல்மனும் அவருடைய குழுவினரும் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். வேலை கொடுத்தபோது மூளையின் சில பகுதிகள், அவ்வேலை எதுவாயினும், ஓய்ந்துபோயின. வேலை முடிந்தவுடன் அவை மீண்டும் சுறுசுறுப்படைந்தன. அதே பல்கலைக்கழகத்து மார்க்கஸ் ரெய்க்கிள் 2001-இல் இதற்கு மூளையின் ‘இயல்பு நிலை’ என்று பெயரிட்டார்.

இந்த இயல்பு நிலை வலையமைப்பு, நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுப்பகுதியிலும், பின்புறத்தே நடுப்பகுதியிலும், காதுக்கு மேலே பின்பக்கமாக இருபுறமும் அமைந்துள்ளது. தன்னைப்பற்றி எண்ணுதல், கடந்தவற்றை நினைவுகூர்தல், வரவிருப்பதைக் கற்பனை செய்தல், பிறர் மனத்தில் யாது இருக்கும் என்று ஊகித்தல் ஆகிய தொழில்களின்போது இப்பகுதிகள் ஓங்கி நிற்கின்றன. சுருங்கச் சொன்னால், நாம் சும்மா இருக்கும்போது மூளை நம் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறது. சிதறிக் கிடக்கும் நினைவுகளை எடுத்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறது. குயிலுக்கும் குரங்குக்கும் மாட்டுக்கும் ஒரே கதையில் இடம் கிடைப்பது இத்தகைய பொருத்தத்தினாலேதான்.

இனி, படைப்பாற்றலுக்கும் இதற்கும் உள்ள உறவைக் காண்போம். ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்குக் கிரகாம் வாலஸ் என்பவரின் பெயர் புதிதன்று. 1926-இல் வெளிவந்த நூலில் அவர் புதிய எண்ணம் பிறக்கும் வழியை நான்கு படிகளாக வகுத்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளிர்தல், சரிபார்த்தல். பொருளை வருந்திக் கற்பது ஆயத்தம். அதனை விட்டுவிட்டு வேறு வேலையில் இருப்பதோ ஓய்வதோ அடைகாத்தல். எதிர்பாராத வேளையில் விடை தோன்றுவது ஒளிர்தல். அவ்விடை சரியா என்று மீண்டும் வருந்திச் சோதிப்பது சரிபார்த்தல். வாலஸுக்குச் சான்றாக நின்றவருள் ஒருவர் பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்கரே. பல நாள் முயன்றும் தீராத ஒரு கணிதச் சிக்கலின் விடை, கூத்தான்ஸ் என்னும் ஊரில் ஒரு வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் தமக்குத் தோன்றியது என்று அவர் 1908-இல் கூறினார். வீடு திரும்பியதும் அவர் அதனைச் சரிபார்க்கவும் தவறவில்லை.

நம் நாட்டில் இதற்கு ஈடான சான்று கணித மேதை இராமாநுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றிக் கணித முடிவுகளைக் காட்டினார் என்று அவர் நண்பர்களிடம் கூறியது யாவரும் அறிந்ததே. இதனைக் கேட்டோர் இரு கூறாகப் பிரிவர்: தெய்வச் செயல் என்போர் ஒருபுறம், வெறுங்கதை என்போர் மறுபுறம். இருவரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கும்பகோணத்தில் சிறுவராக இருந்தபோதே, கார் என்பவர் தொகுத்த ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் கொண்ட நூலை அவர் கையிலெடுத்து, ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். காகிதம் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அக்கனவுகளுக்குப் பின்னே பத்தாண்டுச் சிலேட்டுத் தேய்வு உண்டு. ஆயத்தம் இல்லாதவர் கனவில் தாயார் தோன்றினாலும் அவர் காட்டுவது இன்னதென்று விளங்காது.

அண்மைக்கால ஆய்வும் இதனை ஒட்டியே செல்கிறது. ரோஜர் பீட்டி என்பவரும் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதுமையான எண்ணங்களை எளிதில் தருவோர் மூளையில், மனத்தை அலையவிடும் இயல்பு நிலை வலையமைப்பும், மனத்தைக் கட்டி ஆளும் மற்றொரு வலையமைப்பும் நெருங்கி இணைந்து தொழிற்படுவதைக் கண்டனர். ஏனையோரிடம் ஒன்று எழும்போது மற்றொன்று தணிவதே பெரும்பான்மை. படைப்போரிடம் குதிரையும் ஓடுகிறது. கடிவாளமும் கையில் இருக்கிறது.

அங்ஙனமாயின் யோகியரின் சும்மா யாது? இவ்வினாவிற்கு விடை தேடியோருள் நம் நாட்டார் முன்னிற்கின்றனர். புதுதில்லியில் 1956-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பி. கே. ஆனந்த், ஜி. எஸ். சீனா, பல்தேவ் சிங் என்னும் மூவர், யோகியரின் மூளை அலைகளை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டனர். கண்மூடியிருப்பவரிடம் பெர்கர் கண்ட சீரான அலை, யோகியர் தியானத்தில் ஆழ்ந்தபோது ஓங்கி நின்றது. ஒளியைப் பாய்ச்சினாலும் ஒலியை எழுப்பினாலும் நம் போன்றோரிடம் அவ்வலை உடனே கலைந்துவிடும். தியானத்தில் இருந்த யோகியரிடம் அது கலையவில்லை. பனிக்கட்டி போன்ற குளிர்நீரில் கையை வைத்திருந்த இருவரிடமும் அவ்வலை நீடித்தது. உலகம் கதவைத் தட்டியது. உள்ளே இருந்தவர் எழவில்லை.

2011-இல் யேல் பல்கலைக்கழகத்து ஜட்சன் புரூவரும் குழுவினரும் நெடுநாள் தியானம் பயின்றோரையும் புதியோரையும் ஒப்பிட்டனர். பயின்றோரிடம், இயல்பு நிலை வலையமைப்பின் முக்கியமான இரு பகுதிகள் தியானத்தின்போது தணிந்திருந்தன. அஃதாவது, ‘நான்’, ‘எனது’ என்று ஓயாமல் கதை எழுதும் பகுதி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டது. இதனோடு வைத்து எண்ணத்தக்கது 2010-இல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு. 2,250 பேரைப் பல வேளைகளில் வினவியதில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 47 பங்கு மக்கள் மனம் செய்யும் வேலையை விட்டு அலைகிறது என்றும், அலையும்போது மகிழ்ச்சி குறைகிறது என்றும் அறிந்தனர். அலையும் மனம் காவியமும் தரும், கவலையும் தரும். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. யோகியர் அந்த ஊற்றையே அமைதிப்படுத்த முயன்றனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. கருவி காட்டுவது மூளையின் குருதியோட்டத்தையும் மின்னலையையுமே. அதனைக் கொண்டு இறைவன் உண்டு என்று நிறுவுவதும் தவறு; இறையனுபவம் வெறும் மூளைச் செயல் என்று தள்ளுவதும் தவறு. மல்லிகையை நுகரும்போதும் மூளையில் மாறுதல் நிகழ்கிறது. அதனால் மல்லிகை பொய்யாகிவிடாது.

மற்றோர் எச்சரிக்கையை நம் ஞானியரே தந்துள்ளனர். 1896-ஆம் ஆண்டு தம் பதினாறாம் வயதில் மதுரையில் மரண அனுபவம் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர் ரமண மகரிஷி. மோனத்தையே பெரும்பாலும் உபதேசமாகக் கொண்ட அவர், மனம் தற்காலிகமாக ஒடுங்குவதும் மனம் வேரோடு அழிவதும் வேறு வேறு என்று வற்புறுத்தினார். இதற்கு அவர் கூறிவந்த கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி தண்ணீர் கொண்டுவரும்படி சீடனைப் பணித்துவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தார். பன்னூறு ஆண்டுகள் சென்றன. கண் விழித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல், ‘தண்ணீர் எங்கே?’ என்பது. அத்துணைக் காலம் ஒடுங்கியிருந்தும் மனம் விட்ட இடத்திலேயே தொடங்கிற்று. இரும்பைச் சித்தரின் சினத்திற்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை. ஓய்வு ஆற்றலைத் தருகிறது. அது தானாகவே நற்குணத்தைத் தந்துவிடாது. அதற்கு வேறு முயற்சி வேண்டும்.

இவையனைத்தையும் ஒருங்கு வைத்துப் பார்க்க, மரக்காணத்து உப்பளமே நல்ல பாடநூல். உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் பாய்ச்சுவர். வெயிலும் காற்றும் பட்டு அது செறிவடைந்ததும், அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி, தரையை மிதித்து இறுக்கிய சிறு பாத்திகளில் தேக்குவர். கடல்நீர் நூறு பங்கில் உப்பு ஏறக்குறைய மூன்றரைப் பங்கே. அந்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும் அளவில்தான் உப்பு படியத் தொடங்குகிறது. அப்போது நீரைக் கலக்கக்கூடாது. வழியிற் செல்வோன் பார்த்தால் பாத்தி சும்மா கிடக்கிறது என்பான். உப்பு விளைவதோ அந்தச் சும்மாவில்தான். ஆனால் வரப்புக் கட்டாமல், தரை இறுக்காமல் விட்ட நீர் மண்ணில் ஊறிப் போகும். வேண்டும் அளவிற்கு மேல் விட்டு வைத்தால் மக்னீசிய உப்புகளும் படிந்து விளைச்சல் கசக்கும். ஆகவே எஞ்சிய நீரைக் காலமறிந்து வடித்துவிடுவர். ஆயத்தமும் வேண்டும், அமைதியும் வேண்டும், அளவும் வேண்டும், இறுதியில் வாரிக் குவிக்கும் உழைப்பும் வேண்டும்.

நேயர்களே, இவ்வரலாற்றை நான் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. துறவி கண்மூடி இருந்தால் தவம் என்கிறோம். அறிஞர் கண்மூடி இருந்தால் சிந்தனை என்கிறோம். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்வரை உப்பு வாரிய பெண் ஒருத்தி நிழலில் சற்றே கண்மூடினால் அதற்கு மட்டும் சோம்பல் என்று பெயர் வைக்கிறோம். மூவர் தலைக்குள்ளும் இருப்பது ஒரே வகை மூளை. மூவர்க்கும் அதன் ஓய்வில் ஒரே வகைத் தொழில் நடைபெறுகிறது. ஓய்வு சிலர்க்கு உரிமையாகவும் பலர்க்குக் குற்றமாகவும் இருக்குமாயின், பாட்டும் புதிய எண்ணமும் அச்சிலரிடமிருந்தே வரும். ஏனையோரிடம் விளைந்திருக்கக்கூடியது விளையாமலே போகும்.

பிள்ளைகளின் நிலையும் இதுவே. நான் பணியாற்றிய ஆண்டுகளில், பொதுத் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளை, அடுத்து ஓவியம், பின்னர் மாலைப் பொழுது, இறுதியில் ஞாயிற்றுக்கிழமை. இப்போது எஞ்சியிருந்த சிறு இடைவெளிகளையும் கைப்பேசி எடுத்துக்கொண்டது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்திலும் விரல் திரையைத் தடவுகிறது. புவான்கரே இன்று அந்த வண்டிப் படியில் கால் வைத்திருந்தால், அவர் கண்ணும் கையகலத் திரையில்தான் இருந்திருக்குமோ என்னவோ! சுமையை ஏற்றுவதற்கு நாம் நூறு வழி கண்டுள்ளோம்; ஏற்றிய சுமை உள்ளே தன்னிடம் அமர்வதற்கு ஒரு நாழிகை விடுவதில்லை. பாத்திக்கு நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் உப்பு எவ்வாறு விளையும்?

ஆதலின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு சிறு முறையைச் சொல்லி முடிக்கிறேன். கடினமான கணக்கு ஒன்றைப் பள்ளி தொடங்கும்போது கொடாமல், மாலையில் பள்ளி விடும்போது கொடுங்கள். பிள்ளை அதனோடு சற்று நேரம் போராடட்டும். தீராவிடின் மூடி வைத்துவிட்டு விளையாடட்டும், உறங்கட்டும். மறுநாட் காலையில் விடையைக் கேளுங்கள். சிலர்க்கு வந்திருக்கும், வந்ததைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு மாணவன் பலகணி வழியே வெளியை நோக்கிக்கொண்டிருந்தால் உடனே அதட்ட வேண்டா. கணக்கைத் தொடங்கினாயா என்று மட்டும் வினவுங்கள். தொடங்கியிருந்தானாயின், சற்று நேரம் அவன் சும்மா இருக்கட்டும்.